பருவமழை நெருங்குகிறது: தீயணைப்பு நிலையத்தில் வண்டி இருக்கிறது, வண்டியில் ஏற ஆள் இருக்கிறார்களா?

நாற்றங்கால் | செப்டம்பர் 5, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். டெல்டாவில் ஒரு சின்ன ஊராட்சியிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். ஊர்ப் பெயரையும் நிலையத்தின் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். யார் மேலும் புகார் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

போன மாசியில் எங்கள் தெருவில் சித்தப்பா வீடு எரிந்தது. கீற்று வேய்ந்த வீடு, மதியம் இரண்டு மணி, நல்ல காற்று. 101-ஐக் கூப்பிட்டோம். நிலையம் 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தச் சாலையில் இருபத்தைந்து நிமிடத்தில் வந்ததே பெரிய விஷயம். ஆனால் வண்டியிலிருந்து இறங்கியவர்கள் ஓட்டுநரையும் சேர்த்து நான்கே பேர். ஒருவர் பம்பை விட்டு நகரவில்லை. இரண்டு பேர் ஹோஸைப் பிடித்தார்கள். மிச்சமிருந்த ஒருவர் பக்கத்து வீட்டுக் கூரை மேல் ஏறிக் கீற்றைப் பிரித்தார். எங்கள் தெருப் பையன்கள்தான் ஹோஸை இழுத்துக் கொடுத்தார்கள். சித்தப்பா வீடு போய்விட்டது, பக்கத்தில் இரண்டு வீடுகள் தப்பின. தப்பியதற்குக் காரணம் அந்த நான்கு பேர்தான். அதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

எல்லாம் முடிந்து மோர் கொடுத்தபோது ஒருவர் சொன்னார், காலையில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிட்டு நிலையத்துக்குத் திரும்பிய கையோடு இங்கே வந்தார்களாம். அதே நான்கு பேர்.

ஐப்பசி வரப்போகிறது. மழை, புயல், தீபாவளி மூன்றும் ஒன்றாக வரும் காலம். அக்டோபர் 2 அன்று கிராம சபை இருக்கிறது. அங்கே என்ன கேட்க வேண்டும், ஊராட்சியால் என்ன செய்ய முடியும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னணி_ஓய்வு | செப்டம்பர் 5, இரவு 10.42

அம்மா, நான் முன்னணித் தீயணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கண்ணில் பட்டதைத்தான் நாங்கள் பணியில் இருந்த காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லோரும் வண்டியை எண்ணுவார்கள். எண்ண வேண்டியது வண்டியில் வரும் ஆட்களை.

எப்படி என்று சொல்கிறேன். வண்டியின் எஞ்சின்தான் பம்பையும் ஓட்டுகிறது. அதனால் ஓட்டுநர் வண்டியை விட்டு வர முடியாது, அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். ஒரு ஹோஸ் முனைக்கு இரண்டு பேர் வேண்டும். தண்ணீர் பாயும்போது அது கையைப் பிடுங்கும், ஒற்றை ஆள் தாங்க மாட்டான். நிலைமையைப் பார்த்து, எங்கே அடிப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்ய ஒருவர். ஆக நான்கு பேர் வந்தால் ஒரு முனைதான் வேலை செய்யும். இரண்டாவது முனையைத் திறக்கவும், கூரை பிரிக்கவும், குளத்திலிருந்து தண்ணீரை உறிஞ்ச சக்‌ஷன் போடவும் ஆள் கிடையாது. என் அனுபவத்தில் கிராமத்துத் தீக்கு ஆறு பேராவது வேண்டும். உங்கள் ஊரில் முடிவெடுக்க வேண்டியவரே கூரை மேல் ஏறியிருக்கிறார்.

பெரிய வண்டியில் ஏறக்குறைய 4500 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு முனை திறந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வரும், இரண்டு முனை என்றால் அதில் பாதி. அதற்குள் அடுத்த தண்ணீருக்கு வழி செய்தாக வேண்டும். கூரை வீட்டுத் தீயில் அந்தப் பத்து நிமிடம்தான் எல்லாமே.

அப்புறம், பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையும் மணி அடித்ததும் வண்டியில் ஏறுகிற எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒருவர் விடுப்பில் இருப்பார். ஒருவர் கோயில் திருவிழாப் பாதுகாப்புக்குப் போயிருப்பார். ஒருவர் வேறு நிலையத்துக்கு மாற்றுப் பணியில் போயிருப்பார், அவர் பெயர் மட்டும் இங்கே இருக்கும். ஒருவர் பயிற்சியில் இருப்பார். இதற்கு மேல் காலியிடம் வேறு. கேட்பதாக இருந்தால், “ஒரு முறைப் பணியில் (ஷிஃப்டில்) வண்டியில் ஏற எத்தனை பேர்” என்று கேளுங்கள்.

கணக்கப்பிள்ளை | செப்டம்பர் 6, காலை 7.05

ஐயா சொன்னது சரி. ஆனால் கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆள் எடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீயணைப்புத் துறை மாநில அரசின் துறை, 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. ஆளெடுப்பு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வழியாக நடக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு. எழுத்துத் தேர்வு, 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல், மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு, அதற்குப் பிறகு பயிற்சி. இன்று ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்குப் புது ஆள் வந்து வண்டியில் ஏற எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனவே முதல் வேலை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மாவட்ட அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, மாற்றுப் பணியில் வெளியே இருப்பவர் எத்தனை, கடந்த ஓராண்டில் தீ அழைப்பு எத்தனை, மீட்பு அழைப்பு எத்தனை. இந்த ஐந்து கேள்வி போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அக்டோபர் 2-க்குள் வராமல் போனாலும் நவம்பர் 1 கிராம சபைக்குக் கையில் இருக்கும்.

மனோரா | செப்டம்பர் 6, காலை 8.31

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்களைத் தாண்டிப் போனது. அந்த இரவை விவரிக்கப் போவதில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காலையில் கதவைத் திறந்தால் தெருவே தெரியவில்லை, தென்னை மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. தீயணைப்பு வண்டி நிலையத்தில் நின்றது, அதில் ஆளும் இருந்தார்கள். வெளியே வரச் சாலை இல்லை. அவர்கள் மரம் அறுத்து அறுத்துத்தான் ஒவ்வொரு கிலோமீட்டராக வந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் ஆகிவிட்டது.

அதற்குள் நாங்களே அரிவாளையும் கோடாரியையும் வைத்து மெயின் ரோடு வரை ஒரு ஆம்புலன்ஸ் போகிற அளவுக்கு வழி எடுத்தோம். மெஷின் ரம்பம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது, தென்னந்தோப்புக்காரர் ஒருவருடையது. அதற்கும் இரண்டாம் நாள் பெட்ரோல் தீர்ந்துவிட்டது, பங்கில் மின்சாரம் இல்லை.

அக்கா, நீங்கள் கிராம சபையில் பேசும்போது இதைச் சொல்லுங்கள்: ஊரில் யாரிடம் மரம் அறுக்கும் மெஷின் இருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, யார் டிராக்டர் ஓட்டுவார் என்று ஒரு தாளில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி வையுங்கள். புயல் அறிவிப்பு வந்ததும் இரண்டு கேன் பெட்ரோல் வாங்கி வைத்துவிட வேண்டும், அதுவும் குடியிருக்கும் வீட்டுக்குள் வைக்காமல்.

வயர்மேன்_குமார் | செப்டம்பர் 6, பிற்பகல் 1.15

மரம் அறுக்கும் முன் ஒரு வார்த்தை. புயலுக்குப் பின் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நினைத்துத் தொடாதீர்கள். எங்காவது ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் கம்பி வழியாகத் திரும்பி வரும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். உங்கள் பகுதி வயர்மேனின் எண்ணையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

வீடு தீப்பிடித்தால் தீயணைப்புக்குக் கூப்பிட்ட கையோடு எங்களையும் கூப்பிடுங்கள். லைனை நிறுத்தும் வரை அவர்கள் தண்ணீர் அடிக்கத் தயங்குவார்கள். தயங்கத்தான் வேண்டும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிப்போகும் லாரி தாழ்ந்த கம்பியில் உரசித் தீப்பிடிப்பது டெல்டாவில் வருடா வருடம் நடக்கிறது. எங்கே கம்பி தொய்ந்திருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் எழுதிக் கொடுப்பவர் யாரும் இல்லை. அதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள்.

திருமழபாடி_செல்வம் | செப்டம்பர் 6, மாலை 6.48

எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பாம்பு பிடிக்க, மாடு தூக்க, கதண்டுக் கூடு அழிக்க என்று எல்லாவற்றுக்கும் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிறோம். இருப்பது ஒரே வண்டி. அது பாம்பு பிடிக்கப் போன நேரத்தில் வீடு எரிந்தால் யார் பொறுப்பு? பாம்புக்கு வனத்துறை இருக்கிறது, மாட்டுக்குக் கால்நடைத் துறை இருக்கிறது. தீயணைப்பைத் தீக்கு மட்டும் விட வேண்டும்.

முன்னணி_ஓய்வு | செப்டம்பர் 6, இரவு 8.20

தம்பி, ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் நினைத்தேன். ஆனால் துறையின் பெயரிலேயே மீட்புப் பணி இருக்கிறது. கீற்று வீடுகள் குறையக் குறையத் தீ அழைப்பைவிட மீட்பு அழைப்புதான் எங்களுக்கு அதிகமாக வந்தது. மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் ஏறினால் பாம்பு மேட்டைத் தேடி வீட்டுக்குள்தான் வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை விரியன் இந்த நான்கில் எதுவாக இருந்தாலும் இரவு பதினொரு மணிக்குக் குழந்தைகள் தூங்கும் அறையில் கிடந்தால், வனத்துறை அலுவலகத்துக்குக் காலையில் போன் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிகூட இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நான் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

செய்யக்கூடியது வேறு. பாம்புக்குப் பெரிய வண்டியை எடுக்கக் கூடாது. இரண்டு பேர், ஒரு கம்பு, ஒரு பை, ஒரு சின்ன வண்டி போதும். அந்த இரண்டு பேர் போனாலும் பெரிய வண்டியில் ஏற ஆறு பேர் நிலையத்தில் மிச்சம் இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்: ஆள்.

திருமழபாடி_செல்வம் | செப்டம்பர் 6, இரவு 9.02

புரிகிறது ஐயா. குழந்தை விஷயத்தைச் சொன்ன பிறகு என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. தண்ணீர் இறைக்கவும் மரக்கிளை வெட்டவும் கூப்பிடுவதையாவது நாம் குறைத்துக்கொள்ளலாம்.

தாமிரவருணி | செப்டம்பர் 7, காலை 6.40

தூத்துக்குடி மாவட்டம். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் இங்கே பெய்ததை நாங்கள் மழை என்றே சொல்வதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். ஒரு வருடத்தில் பெய்வது ஒரு நாளில் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயிலில் வந்த பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

அப்போது நாங்கள் கற்றுக்கொண்டது படகு பற்றி. தீயணைப்பு நிலையத்தில் இருக்கும் ரப்பர் படகு குளத்துக்கும் ஏரிக்கும் நல்லது. ஊருக்குள் வெள்ளம் வந்தால் கருவேல முள்ளும் தகரமும் வேலிக் கம்பியும் தண்ணீருக்கு அடியில் இருக்கும், ரப்பர் கிழிந்துவிடும். கடைசியில் மீனவர்களின் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துதான் பல தெருக்களில் ஆட்களை மீட்டார்கள். 2015-இல் சென்னையிலும் மீனவர்கள்தான் அப்படி வந்து நின்றார்கள். உங்கள் ஊரிலிருந்து கடற்கரை எவ்வளவு தூரம்? பக்கத்து மீனவர் கிராமத்துப் பஞ்சாயத்தாரோடு இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்த பிறகு போன் வேலை செய்யாது.

முடிந்தால் தீயணைப்பு நிலையம் எவ்வளவு மேட்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். சாதாரண மழைக்கே நிலையத்து வாசலில் தண்ணீர் நிற்கும் என்றால் வண்டியை முதல் நாளே மேட்டுக்கு நகர்த்தி நிறுத்தச் சொல்ல வேண்டும்.

நாற்றங்கால் | செப்டம்பர் 7, பிற்பகல் 3.30

கடற்கரை 22 கிலோமீட்டர். அங்கே என் தோழியின் அண்ணன் படகு வைத்திருக்கிறார், பேசிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

இதில் நான் ஏன் இவ்வளவு மூழ்கிக் கிடக்கிறேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். 2004 ஜூலை 16 அன்று நான் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீயில் இறந்தவர்கள் 94 குழந்தைகள். அவர்களில் பலர் என் வயது. சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ மேலே கீற்றுக் கூரைக்குப் போனது. இன்று நான் ஒரு சத்துணவுச் சமையலறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் பள்ளி கான்கிரீட் கட்டடம்தான், கீற்றுக்கு அனுமதி கிடையாது. ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பானில் முள் சிவப்பில் நிற்கிறது. எத்தனை நாளாக அப்படி நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நேற்றுதான் நானே முதல் முறையாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

முன்னணி_ஓய்வு | செப்டம்பர் 7, மாலை 5.12

நாளைக்கே தலைமை ஆசிரியரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள் அம்மா. முள் பச்சையில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை பார்த்ததாகக் கையெழுத்துப் போட ஓர் அட்டை மாட்டுங்கள். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரை மூடிவிட்டு, பிள்ளைகளோடு வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906-க்குக் கூப்பிடுங்கள். சமையலம்மா இரண்டு பேருக்கும் இதைப் படித்துக் காட்டினால் போதாது, செய்து காட்டச் சொல்லுங்கள்.

பட்டாசுக்கடை_மணி | செப்டம்பர் 8, காலை 10.25

நான் வருடத்தில் ஒரு மாதம் தற்காலிகப் பட்டாசுக் கடை போடுகிறவன். எங்கள் பக்கத்து விஷயத்தையும் சொல்ல வேண்டும். உரிமம் வாங்கத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கு நிலைய அலுவலர் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி தற்காலிகக் கடை எளிதில் தீப்பிடிக்காத பொருளால் கட்டியிருக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும், எதிரெதிரே இருக்கக் கூடாது. தீபாவளிக்கு முன் மாதத்தில் ஒரே நேரத்தில் எத்தனை கடைக்காரர்கள் சான்று கேட்டு நிற்போம் என்று யோசித்துப் பாருங்கள். அதே மாதத்தில்தான் அவர்களுக்குப் பருவமழை ஒத்திகையும் வருகிறது. ஆள் குறைவான நிலையத்தில் அலுவலர் கடைகளைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அழைப்பு வந்துவிடும். அவசரத்தில் பார்த்தால் ஏதாவது விட்டுப்போகும். ஆகவே கடைக்காரர்கள் கடைசி வாரம் வரை காத்திருக்காமல் சீக்கிரம் விண்ணப்பித்தால் அவர்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். இந்த வருடம் எங்கள் சங்கத்தில் இதைப் பேசியிருக்கிறேன்.

முன்னணி_ஓய்வு | செப்டம்பர் 8, பிற்பகல் 12.50

மணி நல்ல வார்த்தை சொன்னார். தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்த பிறகு அழைப்புகள் அந்த நேரத்தை ஒட்டிக் குவியும். ராக்கெட் போய்க் கூரையில் செருகினால் உடனே தெரியாது, பத்து நிமிடம் புகைந்துவிட்டுத்தான் பிடிக்கும். கீற்று வீட்டுக்காரர்கள் மாலை ஆறரை மணிக்கே கூரையை நன்றாக நனைத்துவிட வேண்டும். அன்று எங்களுக்கு வீட்டில் தீபாவளி கிடையாது. 2020 தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு அவர்கள் நினைப்பு வரும்.

பிடோக்_முருகன் | செப்டம்பர் 8, இரவு 11.05

சிங்கப்பூரிலிருந்து ஒரு தகவல், ஒப்பிட்டுக் குறை சொல்வதற்காக அல்ல. இங்கே குடிமைத் தற்காப்புப் படைதான் தீயணைப்பையும் ஆம்புலன்ஸையும் பார்க்கிறது, எண் 995. தேசிய சேவைக்கு வரும் இளைஞர்களில் ஒரு பகுதியினர் இந்தப் படையில் சேர்க்கப்படுகிறார்கள். என் மகனும் அப்படித்தான் தீயணைப்பு நிலையத்தில் இருந்தான். அதனால் ஆள் பலம் கிடைக்கிறது. அப்புறம் கைபேசியில் ஒரு செயலி உண்டு. பக்கத்தில் யாருக்காவது இதயம் திடீரென்று நின்றாலோ சின்னத் தீ பிடித்தாலோ அருகில் இருக்கும் பொதுமக்களுக்குத் தகவல் வரும், விருப்பம் உள்ளவர்கள் ஓடிப்போய் முதல் உதவி செய்யலாம். வண்டி வரும் வரைக்கும்தான் அவர்கள் வேலை. உங்கள் தெருப் பையன்கள் அன்று செய்தது கிட்டத்தட்ட அதுதானே?

கணக்கப்பிள்ளை | செப்டம்பர் 9, காலை 7.20

இங்கேதான் எனக்கு ஒரு பயம். பையன்களுக்குப் பயிற்சி கொடு, பட்டியல் போடு, படகு பேசி வை என்று எல்லாவற்றையும் ஊரே செய்துகொண்டால், மேலே இருப்பவர்களுக்குக் காலியிடத்தை நிரப்ப என்ன அவசரம்? “அங்கே சமாளிக்கிறார்கள்” என்று கோப்பை மூடிவிடுவார்கள். தன்னார்வலர் என்ற சொல்லை வைத்துச் சம்பளம் தர வேண்டிய வேலையை இலவசமாக வாங்குவதை நான் மற்ற துறைகளில் பார்த்திருக்கிறேன். தீ வேலை ஆபத்தானது. ஹோஸ் இழுத்த பையன் மேல் சுவர் விழுந்திருந்தால் அவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

மனோரா | செப்டம்பர் 9, காலை 8.02

அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் கஜா இரவில் எங்களுக்கு இந்த யோசனைக்கெல்லாம் நேரமில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஓட்டுக்கு அடியில் கிடந்தாள். துறையில் ஆள் நிரம்பியிருந்தாலும் அந்த இரவு அவர்களால் வந்திருக்க முடியாது.

கணக்கப்பிள்ளை | செப்டம்பர் 9, காலை 8.30

அதை நான் மறுக்கவில்லை தம்பி. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஊர் என்ன செய்யும் என்று எழுதும் தாளிலேயே நிலையத்தில் ஆள் நிரப்ப வேண்டும் என்ற கோரிக்கை முதல் வரியாக இருக்கட்டும். மாநிலங்களின் தீயணைப்புத் துறையை விரிவுபடுத்த 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசு 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை 2023-இல் அறிவித்தது. அது வண்டிக்கும் கருவிக்கும் கட்டடத்துக்கும் பயிற்சிக்கும் உதவும். அந்த வண்டியில் ஏறுகிறவருக்கு மாதச் சம்பளம் மாநில அரசுதான் தர வேண்டும். அதைக் கேட்க நாம் கூச்சப்படக் கூடாது.

முன்னணி_ஓய்வு | செப்டம்பர் 9, இரவு 9.15

கணக்கப்பிள்ளை சொன்னபடியே செய்யுங்கள். பையன்கள் பற்றி நான் ஒரு எல்லை போடுகிறேன். ஹோஸ் முனையைப் பொதுமக்கள் பிடிக்கக் கூடாது, எரியும் வீட்டுக்குள் போகக் கூடாது. அவர்கள் செய்யக்கூடியவை: கூட்டத்தை விலக்குவது, மெயின் ரோட்டில் நின்று வண்டிக்கு வழி காட்டுவது, வண்டிப் பக்கத்தில் ஹோஸைப் பிரித்துக் கொடுப்பது, குளத்தைக் காட்டுவது. இவ்வளவு செய்தாலே எங்களில் இரண்டு பேரின் வேலை மிச்சம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு முறையாகப் பயிற்சி தருகிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள்.

இப்போது நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது, தண்ணீர். நகரத்தில்கூடத் தெருக் குழாய் கிடைப்பது கஷ்டம், கிராமத்தில் குளம்தான். நம் ஊர்களில் குளத்துக்குக் குறைவில்லை, ஆனால் வண்டி கரைக்குக் கிட்டே போக முடியாது. தண்ணீர் மட்டுமே நாலரை டன், வண்டி எடை தனி. மழை பெய்து ஊறிய கரையில் ஏற்றினால் சக்கரம் புதைந்துவிடும். கோடையில் வேறு சிக்கல், தண்ணீர் கீழே போய்விடும். பம்ப் ஏழு மீட்டருக்குக் கீழே இருந்து இழுக்கச் சிரமப்படும். அப்புறம் ஆகாயத்தாமரை. சக்‌ஷன் ஹோஸ் முனையில் இருக்கும் சல்லடையில் அது போய் அடைத்துக்கொண்டால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். ஒரு முறை நாங்கள் மூன்று பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தாமரையை விலக்கிக்கொண்டே இருந்தோம், கரையில் ஒரு வைக்கோல் போர் முழுதாக எரிந்து முடிந்தது.

ஊராட்சியால் செய்ய முடிந்த வேலை இதுதான். ஒரு குளத்தைத் தேர்ந்தெடுங்கள். கரையில் ஓரிடத்தில் கல் பாவி, வண்டி திரும்பும் அளவுக்கு மேடை போடுங்கள். அங்கே மட்டுமாவது தாமரையை எடுத்துச் சுத்தமாக வையுங்கள். நிலைய அலுவலரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள்.

வயர்மேன்_குமார் | செப்டம்பர் 9, இரவு 10.01

வண்டி வரும் பாதையையும் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. கோயில் வளைவு, கேபிள் டிவி ஒயர், கல்யாணப் பந்தல். எங்கள் ஊரில் பந்தலைப் பிரித்த பிறகுதான் வண்டி உள்ளே போனது.

அகல்விளக்கு | செப்டம்பர் 10, காலை 11.40

அவசர அழைப்பு பற்றி என் அனுபவம். ஒரு வருடம் முன்பு எங்கள் மாட்டுக் கொட்டகை எரிந்தபோது நான்தான் போன் செய்தேன். பதற்றத்தில் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னேன். அதே பெயரில் எங்கள் மாவட்டத்தில் மூன்று ஊர் இருக்கிறது. எந்த ஊர் என்று திரும்பக் கேட்டார்கள், நான் அழுதேன், இரண்டு மூன்று நிமிடம் போய்விட்டது. தவறு அவர்களுடையது இல்லை. இப்போது எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: வட்டம், ஊராட்சி, தெரு, எந்தச் சாலையில் எந்த நிறுத்தத்தில் திரும்ப வேண்டும், பிறகு என் பெயரும் எண்ணும். கீழே 101, 112, 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, பக்கத்து நிலையத்தின் நேரடி எண். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு அதைப் பார்த்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சான்றிதழ்களுக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கி, வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

நாற்றங்கால் | செப்டம்பர் 10, இரவு 8.55

அந்தத் தாளை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன் அக்கா. எங்கள் பள்ளியில் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் எழுதவைத்து வீட்டில் ஒட்டச் சொல்லப் போகிறேன். தகவல் உரிமை மனு நேற்று பதிவுத் தபாலில் போய்விட்டது.

சித்தி இன்னும் தீயில் போன பட்டாவுக்கு நகல் கேட்டு அலைகிறார்.

நாற்றங்கால் | அக்டோபர் 3, காலை 6.15

நேற்று கிராம சபை நடந்தது. பேச எழுந்தபோது கை நடுங்கியது, நோட்டைப் பார்த்துத்தான் படித்தேன். நிலைய அலுவலரை ஊராட்சித் தலைவர் அழைத்திருந்தார், வந்திருந்தார். ஒரு முறைப் பணியில் வண்டியில் ஏற எத்தனை பேர் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “பல நாள் நாலு பேர்தான் அம்மா, ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். சபை அமைதியாகிவிட்டது. அவரைப் பார்த்துக் கோபப்பட யாருக்கும் தோன்றவில்லை.

தீர்மானம் கணக்கப்பிள்ளை அண்ணன் சொன்ன வரிசையிலேயே போனது. காலியிடங்களை நிரப்பவும், பருவமழை முடியும் வரை மாற்றுப் பணியில் போனவர்களைத் திரும்ப அனுப்பவும் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கும் துறை இயக்குநருக்கும் நகல் போகிறது. கீழத்தெருக் குளத்தில் வண்டி நிற்க மேடை. தொய்ந்த கம்பி ஏழு இடம், மின்வாரியத்துக்குக் கடிதம். மெஷின் ரம்பம் மூன்று பேரிடம் இருப்பது நேற்றுதான் எங்களுக்கே தெரிந்தது. பதினோரு பையன்களும் நான்கு பெண்களும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும், மேடைக்குச் செலவு செய்வதற்குப் பதில் தெருவிளக்கு போடலாம் என்று கடைசி வரை எதிர்த்தார். அவர் தெருவும் இருட்டுதான், அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகத் தலைவர் சொன்னார்.

பள்ளியில் புதுத் தீயணைப்பான் மாட்டியாகிவிட்டது. சமையலம்மா இருவரும் ரெகுலேட்டரை மூடிக் காட்டினார்கள்.

கணக்கப்பிள்ளை | அக்டோபர் 3, காலை 7.00

நகலில் கிராம சபைத் தீர்மான எண்ணையும் தேதியையும் குறிப்பிட மறக்காதீர்கள். மனுவுக்குப் பதில் வந்ததும் இங்கே போடுங்கள். முப்பது நாள் தாண்டினால் முதல் மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன்.

முன்னணி_ஓய்வு | அக்டோபர் 3, காலை 7.48

மேடை கட்டி முடிய நாளாகும். அதற்குள் மழை வந்துவிடும். கரை ஓரத்தில் ஆகாயத்தாமரையையாவது எடுத்துவிட்டீர்களா அம்மா?

நாற்றங்கால் | அக்டோபர் 3, காலை 8.05

இன்னும் இல்லை ஐயா. ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பையன்கள் வருகிறார்கள். நிலையத்திலிருந்தும் இரண்டு பேர் பணி முடிந்த கையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இட்லி எங்கள் வீட்டில்.